சான்றுப் பொருள்: பெட்டி ஏழு

காவல் நிலையத்துப் பின்னறையில்
அட்டைப்பெட்டிகள் ஒன்பது.
ஒட்டுநாடாவைக் கிழித்தால்
பழைய காலுறைகளிலும் கழிப்பறைத் தாளிலும் சுற்றி
இரண்டாயிரத்துச் சொச்சம் செடிகள்,
ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில்.

"எது எதுவென்று எழுதிக் கொடுங்கள், டாக்டர் ஃபோர்ட்டாய்ன்.
திங்கட்கிழமை கோர்ட்டு"
என்கிறார் சார்ஜென்ட் ஸ்வார்ட்பூய்.
ஆறிய ரூய்பாஸ் தேநீரில் ஒரு ஈ.

வில்மீன் உருப்பெருக்கியைத் துடைக்கிறாள்.
நமக்வாலாந்தின் வெள்ளைக்கல் வெளியில்
பன்னிரண்டு குளிர்காலம்
முழங்காலால் நடந்தவள்.
நின்றபடி பார்ப்பவருக்கு
அங்கே கல்தான் இருக்கிறது.

ஆறு பெட்டி வரைக்கும் தெரிந்த முகங்கள்.
ஏழாவதில் கை நின்றுவிட்டது.
இரண்டு இலையும் ஒட்டிய வாயோரம்
ஊதாப் புள்ளிகள், மூன்று வரிசை,
பூனைக்காதுபோல் மெல்லிய ரோமம்.
அவள் பெயர் வைத்த செடி.
உலகத்தில் அது இருப்பது ஒரே சரிவில்,
ஒரு பேருந்தை நிறுத்தினால் மூடிப்போகும் இடத்தில்.

நாலு வருஷம் முன்பு எழுதிய கட்டுரையில்
முறைப்படி எல்லாம் சொல்லியிருந்தாள்:
எந்தப் பண்ணை, எந்த வேலி,
காற்றாலையிலிருந்து எத்தனை அடி,
எந்தத் திசை.
நாற்பது பேர் படித்தால் அதிகம் என்று
சிரித்ததும் உண்டு.
நாற்பத்தோராவது ஆள்
திருப்புளியோடு வந்திருக்கிறான்.

பிடிபட்டவன் டோனோவன் பியூக்ஸ், வயது பத்தொன்பது.
சுரங்கம் மூடியதிலிருந்து அப்பா வீட்டில்.
செடிக்கு ஆறு ராண்டாம்.
"பூ என்றே தெரியாது, மேடம், கல்லைத்தான் பிடுங்கினேன்"
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

போன ஜூலையில் சரிவில் எண்ணியது முந்நூற்று நாற்பது.
பெட்டியில் முந்நூற்றுப் பதினொன்று.
கழித்துப் பார்க்கிறாள்.
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.

"என்ன இது, கிராம்பு வாசனை?"
சார்ஜென்ட் மூக்கைச் சுளிக்கிறார்.
இரவில் விரிகிற சாதி அது.
காலுறைக்குள் இருந்த இருட்டை நம்பி
வேரில்லாமல் ஒன்று பூத்திருக்கிறது,
மதியம் இரண்டரைக்கு.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
செடி வளரும் இடம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தாள்.
மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினாள்.
"இன்னும் சரியாகச் சொல்ல முடியாதா?"
"தெரியாது" என்றாள்,
அந்த இருபத்தொன்பதை மனசில் வைத்துக்கொண்டு.

"அதுவரைக்கும் இதையெல்லாம் எங்கே வைப்பது?"

"ஜன்னலோரம் வையுங்கள்.
தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்."