இரண்டாம் பாகத்தில் ஒரு முதுகு

'தாழிடாத அறை' இரண்டாம் பாகத்தில்
மழையைப் பார்த்துக்கொண்டு
சன்னலோரம் நிற்கும் முதுகு
என்னுடையது.
லூனாஸில் இது யாருக்கும் தெரியாது.

தோட்டத்துத் துரை பங்களாவைப்
பதினோரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
பெர்மிட்டுக்காக அத்தனை பேர் பாஸ்போர்ட்டும்
நான் வேலை செய்யும் நகல் கடைக்கு வந்தன.
சுவரொட்டியில் நிவிஷா.
பாஸ்போர்ட்டில் ஆரோக்கியசெல்வி,
வயது முப்பத்தெட்டு.
மூடியை இறக்கினேன், வெளிச்சம் ஓடி முடிந்தது.
பக்கத்துக்கு இருபது சென்.
அன்றைக்கு எங்கள் உறவு அவ்வளவுதான்.

முதல் பாகம் வந்தபோது நான் மூன்றாம் படிவம்.
முருகன் பக்திப்பாடல் உறைக்குள் ஒளிந்து
லயத்தில் வீடு வீடாகப் போனது அந்த சிடி.
அண்ணன்மார் பார்த்தார்கள்,
அண்ணன்மாரைத் திட்டிய மாமாமார் பார்த்தார்கள்.
பிறகு அவளுக்கு ஒன்பது படம்.
ஒன்பதிலும் ஒரு குளியலறை.
பிறகு ஒரு சமையல் போட்டியில் ருசி பார்த்தாள்.
ஒரு நாடகத்தில்
இருநூறு நாள் பாலில் விஷம் கலந்தாள்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, இது.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாளாம்:
முகம் தருவேன், கண்ணீர் தருவேன்,
முதுகு தர மாட்டேன்.

மேல் தட்டில் ஏ-நான்கு தாள் எடுக்க
நான் எக்கியபோது
உடை பார்க்கும் அம்மா சொன்னாள்,
"அப்படியே நில்லும்மா."
எண்ணூறு வெள்ளி.
பிரிட்ஜ் தவணை இரண்டு, மகனின் டியூஷன்,
மீதிக்கு ஒரு நல்ல செருப்பு.

பொம்பா லாரி வந்து மழை பெய்தது.
செம்பனைக்குள்ளிருந்து
ஊர்க் கொசு மொத்தமும் விளக்குக்கு வந்தது.
அசையாதே, அசையாதே என்றார்கள்.
தோள்பட்டைக்குக் கீழே ஒன்று
நிதானமாகப் பசியாறியது.

அவளுக்கு அன்று வேலையே இல்லை.
இருந்தும் நாற்காலி போட்டு
கடைசிவரை உட்கார்ந்திருந்தாள், மடியில் துண்டு.
'கட்' என்று சொல்லி முடிக்குமுன்
ஓடி வந்து போர்த்தினாள்.
"குளிருதா?"
பல் தந்தியடித்தது, தலையாட்டினேன்.
"எனக்கு அப்ப இருவத்திரண்டு.
ஒருத்தன் கேக்கலடி."
வேறெதுவும் சொல்லவில்லை.
என் பெயரையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பொய்ப்பெயர் ஒன்று வைத்திருந்தேன்.

படம் வந்தது.
சுங்கைப்பட்டாணிக்குத் தனியாகப் பேருந்தில் போய்
பதினாறு வெள்ளி கொடுத்து உட்கார்ந்தேன்.
அவள் சன்னலை நோக்கி நடந்தாள்,
கொலைகாரன் படியேறினான்,
அடுத்தது போலீஸ் ஜீப்.
தணிக்கை.
என்னை நான் பார்க்கவே இல்லை.
பாப்கார்ன் மட்டும் மிச்சம்.

வெட்டியது வெட்டியபடி இருக்குமா?
ஒரு வாரத்தில் ஊரிலுள்ள எல்லாப் போனிலும் வந்துவிட்டது.
பதினாலு விநாடி.
கோப்பிக்கடையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.
ரப்பர் ஸ்டாம்ப் செய்ய வந்த
கோயில் செயலாளர்
என் கௌண்டரிலேயே சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு
"கலிகாலம்" என்றார்,
மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

என் மச்சத்தைக் கணினியில் அழித்திருக்கிறார்கள்.
கொசுக்கடியை விட்டுவிட்டார்கள்.

நிவிஷா இப்போது
தன்னைவிட ஆறு வயது இளைய நாயகனுக்கு அம்மா.
கழுத்துவரை மூடிய ரவிக்கையில்
ஒரு பேட்டி கொடுத்தாள்.
அந்தக் காட்சியைப் பற்றித்தான் கேட்டார்கள்.
"கஷ்டப்பட்டுச் செய்தது" என்றாள்,
ஒரு விநாடி நிறுத்தி,
"குளிர்."

ரெத்தினவேலு பழ லாரி ஓட்டிவிட்டு
நேற்று பத்து மணிக்கு வந்தான்.
படுக்கையில் போன் வெளிச்சம்.
"இந்த வயசுல பாரேன், என்ன முதுகு."
பதினோரு வருஷம் என் பக்கத்தில் படுக்கிறவன்.
நான் திரும்பிப் படுத்து
கொஞ்சம் சொறிந்துவிடச் சொன்னேன்.
மேலே, இன்னும் மேலே, அங்கேதான்.
ஒரு கையால் சொறிந்தான்.
மறு கையில்
மழை ஓடிக்கொண்டிருந்தது.