அட்டமித் தண்ணி

போன செவ்வாய்க்கிழமை இங்கே கடல்.
போனில் இன்னும் அப்படித்தான்:
முகத்துவாரத்தின் நடுவே நாங்கள் வந்துபோன நீலக் கோடு,
அதன்மேல் ஒரு புள்ளி, அது நாங்கள்,
கோட்டைவிட்டு ஒரு முழம்கூட விலகவில்லை.
தேசப்பன் குதித்து நின்று காட்டினான்.
முட்டிக்குக் கீழே தண்ணீர்.

இஞ்சினைத் தூக்கிக் கட்டினோம்.
விசிறியில் ஓர் இதழ் மழுங்கிப்போயிருந்தது.
போலய்யா ஒரு கை மணலை அள்ளி, தேய்த்து,
"கொத்த இசுக்க" என்றான். புது மணல்.
இருக்கம் தீவுக்காரன்.
எண்ணுவது தெலுங்கில், ஏசுவது தமிழில்.
தெண்டி வெள்ளம் நாலு நாள் சேர்ந்தாற்போல் இழுத்தால்
தெற்கே யாரோ தொலைத்த கரை
எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும்.
எழுப்பி அனுப்ப ஆபீஸ் கிடையாது.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்குத் தோப்பு,
தெற்கே லைட்ஹவுஸ்.
இடையில் இருபத்தெட்டடி பைபர் போட்டு.
பதிவில் என் பெயர், கடனில் மூன்று பேர்.
பெட்டியில் கானாங்கெளுத்தி, மேலே கரைகிற ஐஸ்.
தண்ணீர் ஏற மூன்று மணி நேரம் ஆகும்.
அதுவும் இன்றைக்கு அட்டமி,
ஏறினாலும் மனசில்லாமல்தான் ஏறும்.

அப்போதுதான் தேசப்பன் சொன்னான்,
மாட்டை விற்க வந்தவன் அதன் முதுகைத் தடவுவதுபோல
போட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே:
"என் பங்க நீங்களே எடுத்துக்குங்க."
கும்மிடிப்பூண்டியில் கம்பெனி. மாதம் பதினாறாயிரம்.
பஸ் தெருமுனைக்கே வருமாம்.

மூன்றில் ஒரு பங்கு என்றால் எது?
அணியமா, நடு வயிறா,
இஞ்சின் உட்காரும் அமரமா?
தரை தட்டிய போட்டில் வேறு வேலையில்லை.
ஐஸ் பெட்டி மூடியில் ஆணியால் கீறிக் கணக்குப் போட்டோம்.
போட்டு ஒன்று எண்பது. இஞ்சின் அறுபத்திரண்டு.
கட்டிய தவணை, கட்டாத தவணை.
ராக்கெட் விடுகிறார்கள், கடலுக்குப் போகாதே என்ற நாட்கள்
(வட்டி மட்டும் அன்றைக்கும் கடலுக்குப் போனது).
போலய்யா கை ஒடிந்து கிடந்த மாதம்
அவனுக்குக் கொடுத்த முழுப் பங்கு.
அதைக் கூட்டுவதா, கழிப்பதா?
"அத விடுங்கடா" என்றான் தேசப்பன்.
போலய்யா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நாற்பத்தைந்து என்றேன்.
அவன் அறுபது.
"யாபை" என்றான் போலய்யா, ஐம்பது,
இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம்.

பத்துப் பாகம் தள்ளி ஒரு நாரை வந்து இறங்கியது.
கணுக்கால் தண்ணீரில் நடந்தது, கொத்தியது, நடந்தது.
அதற்கும் இது புது இடம்தான்.
ஆனால் போன் இல்லாமல் நடக்கிறது.
ஐம்பத்தைந்துக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவே
பேச்சு நின்றிருந்தபோது
ஓரிடத்தில் கால் வைத்து, எடுத்து,
சட்டென்று பறந்தது.

மூவருமே பார்த்தோம்.
அங்கே ஆழம்.

விலை படியவில்லை.
போட்டுக்கு அடியில் ஏதோ கொஞ்சம் இளகியது,
தூங்குகிறவன் புரண்டு படுக்கிற அளவுக்கு.
போலய்யா அணியத்தில் கழியோடு,
நானும் தேசப்பனும் அமரத்தில் தோளைக் கொடுத்து.
"ஏலேலோ" எல்லாம் இல்லை.
பல்லைக் கடித்தோம், அவ்வளவுதான்.
விற்ற பங்கும் விற்காத பங்கும்
ஒரே கனம்.

நாரை பறந்த இடத்தில் மணல் காலைவிட்டது.
நான் தொற்றி ஏறிவிட்டேன். அவன் ஏறவில்லை,
கழுத்தளவில் சிரித்துக்கொண்டு நின்றான்,
அலை ஒன்று தலைக்கு மேல் போனது.
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டோம்,
மீன்களுக்குப் பக்கத்தில்.
இருமி முடித்து முதலில் கேட்டான்:
"ஐம்பத்தஞ்சுதான?"

இஞ்சின் ஒரு இதழ் குறைவாக இருமிக்கொண்டு கிளம்பியது.
போன் புதுக் கோடு இழுத்தது, கோணலாக,
அடுத்த செவ்வாய் வரை செல்லும்.

பழவேற்காடு ஜெட்டியில் ஏலத்துக்குக் காத்திருந்த குணவல்லி
மீனின் கண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு
ஏன் இவ்வளவு நேரம் என்றாள்.
ஒருவன் இஞ்சின் என்றான். ஒருவன் மணல் என்றான்.
நான் அட்டமி என்றேன்.