பெயர் குறிப்பிடத் தேவையில்லை

தண்ணி லாரி வராத பதினோராம் நாள்.
வார்டு கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும்.
படம் ஒன்று வேண்டும், காசு கொடுக்காமல்,
வழக்கு வராமல்.

கொருக்குப்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
அரைமணி நேர வாடகைக் கம்ப்யூட்டர்.
இலவசப் படங்களில் ‘தண்ணீர்’ என்று தேடினேன்:
ஐஸ் மிதக்கும் கண்ணாடித் தம்ளர்,
எந்த நாட்டு ஏரியோ,
அதில் கால் நனைக்கும் பொன்முடிக்காரி.
‘சென்னை’ சேர்த்தேன். மெரினாக் குதிரை வந்தது.
‘குடம்’ என்றேன்.
ஏழாம் பக்கத்தில் நின்றது எங்கள் தெரு.

நீலம், பச்சை, பச்சை, அப்புறம் அந்தச் சிவப்பு:
சுட்ட கரண்டியால் உருக்கி அடைத்த தழும்போடு
நாகபூசணம் அக்காவின் குடம்.
பின்னால் அக்கா,
கொட்டாவி விட்டபடி.

எடுத்தவர் பெயர் மாரெக்.
எப்போது வந்து போனாரோ.
கீழே உரிமம்:
வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்,
வெட்டலாம், நிறம் மாற்றலாம்,
பெயர் குறிப்பிடத் தேவையில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் பேர் இறக்கியிருக்கிறார்கள்.
சட்டப்படி எல்லாம் சரி.
அக்காவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. குனிந்து தாண்டினேன்.
அக்கா போனை வாங்கி
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்,
முகத்தை அல்ல, குடத்தை.
“அப்ப ரொம்பி இருந்திச்சு பாரு.”

பிறகு சொன்னார்:
“போட்டுக்கோ. கொட்டாவிய மட்டும் வெட்டிடு.
கொடத்துக்குக் கீய எம் பேர போடு,
பெர்சா.”