மான் பார்த்த திசை

சிங்கத்தைத் தேடக் கூடாது.
பதினோரு வருடமாக
வண்டியில் ஏறுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.
புல்லும் அதுவும் ஒரே நிறம், கண் தோற்றுப்போகும்.
மானைப் பாருங்கள்.
மான் எதைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

லியூவா சமவெளியில் மரமென்று ஒன்றிரண்டு.
மற்றதெல்லாம் வானம்.
மே மாதம், பள்ளங்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது.
கூடை கவிழ்த்து மீன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள்
நிமிர்ந்து கையசைத்தார்கள்.
எனக்கா, வண்டிக்கா என்று தெரியவில்லை.

அன்றைக்கு நான்கு பேர்.
ஒருவர் நீளக் குழல் வைத்த கேமராவைக்
கைப்பிள்ளை போல மடியில் கிடத்தியிருந்தார்.
உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்றார் ஓர் அம்மாள்.
நமாசிகு. இரவில் பிறந்தவள்.
அப்படியானால் இருட்டில் உனக்குக் கண் தெரியுமா?
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
சிரிப்பது சம்பளத்தில் சேர்த்தி.

லெச்வே மான்கள் முழங்கால் நீரில் மேய்ந்துகொண்டிருந்தன.
ஒரு கிடா மட்டும் கரையேறித் தனியே நின்றது,
முன்னங்கால்களில் கறுப்புக் கோடு,
இன்னும் முழுதாய் முறுகாத கொம்பு.

எஞ்சினை நிறுத்தினேன்.
தலையைத் தூக்கியது.
இரண்டு காதுகளும் எங்கள் பக்கம்.
மூக்கின் ஈரம் தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில்.
அசையாதீர்கள் என்றேன்.
யாரும் அசையவில்லை. கேமரா மட்டும்
படபடவென்று இமைத்தது.

அது எங்களையே பார்த்தது.
எங்களை மட்டும்.

அடிவயிற்றுக்குத்தான் முதலில் உறைத்தது, பிறகு கண்ணுக்கு.
மான் பார்க்கும் திசையைப் பார் என்று
வாய் வலிக்கச் சொல்கிறேனே,
மான் என்னைப் பார்த்தால்
வேறெதைப் பார்க்காமல் இருக்கிறது?

கிடாவின் முதுகுக்குப் பின்னால்
காற்று ஒரு பக்கம் போக
புல் இன்னொரு பக்கம் சாய்ந்தது.
கழுத்துப்பட்டை, அதில் தொங்கும் கறுப்புப் பெட்டி,
கிழிந்த இடது காது.
தெரிந்தவள்தான்.
போன மாதம் குட்டிகளில் ஒன்றைக்
கழுதைப்புலிகளிடம் பறிகொடுத்தவள்.
எங்கள் எஞ்சின் சத்தத்துக்குள் காலடி வைத்து வந்திருக்கிறாள்.
சத்தம் நின்றதும் அவளும் நின்றிருக்கிறாள்.

சாவி என் விரலிடுக்கில்.
ஒரு திருகல் போதும்.
கிடா தண்ணீருக்குள் பாய்ந்திருக்கும்,
தண்ணீரில் லெச்வேயை எட்டிப் பிடிக்க
அவளால் ஆகாது, வெறுங்கையோடு போயிருப்பாள்,
பசித்த இரண்டு வாய்களிடம்.

குறுக்கிடாதே என்கிறது விதிப்புத்தகம்.
வந்து நின்றதே குறுக்கீடு என்று
அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் திருகவில்லை.

கிடா கடைசியாகப் பார்த்தது சிங்கத்தை அல்ல.

பின்னிருக்கையில் யாரோ கடவுளே என்றார்,
கேமராக்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.
நீரில் நின்றவை நுரை கிளப்பி ஓடி
நூறடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தன.
இப்போதுதான் அவை
சரியான திசையைப் பார்த்தன.

ராத்திரிச் சாப்பாட்டில் என் புகழ்தான்.
சரியாக அங்கே நிறுத்தினாளே, எப்படித் தெரிந்தது?
இரவில் பிறந்தவள் அல்லவா என்றார் அந்த அம்மாள்.
கிளம்பும்போது தந்த உறை கனமாக இருந்தது.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
அலுவலகப் படிவத்தில்
இடம், நேரம், இனம், பட்டை எண் எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்து,
மை ஒரு புள்ளியாய் ஊறும் வரை வைத்திருந்து,
எடுத்துவிட்டேன்.

மறுநாள் வேறு ஐந்து பேர்.
சிங்கத்தைத் தேடக் கூடாது என்று ஆரம்பித்தேன்.
இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே என்றார்கள்.
சக்கரம் புதையும் என்று பொய் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஒரு மான் என்னைப் பார்த்தால்
அதன் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறேன்.
பெரும்பாலும் அங்கே
புல்தான் இருக்கிறது.