கடுஞ்சொல்

சங்கக் கூட்டத்தில் குறிப்பெழுதுவது என் வேலை.
மாதம் முந்நூறு ரூபாய்,
கூட்டத்தன்று ஒரு டீ, ஒரு உளுந்த வடை.
இந்த எட்டு வருசத்தில்
பாம்பன் தெற்குவாடியில் மட்டும்
பதினோரு ஹிட்லர்களைப் பதிந்திருக்கிறேன்.

டோக்கன் தர இழுத்தடித்த மீன்துறை எழுத்தர்.
டீசல் மானியத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்த ஆடிட்டர்.
ஐஸ் பாருக்கு நாலு ரூபாய் ஏற்றிய மீரான் கனி.
பையன்களை முடி வெட்டிவரச் சொன்ன பி.டி. வாத்தியார்.
மருமகள் ஒருத்தி மனுவே கொடுத்தாள்,
தன் வீட்டில் மீசையில்லாமல் ஒன்று இருக்கிறதென்று.

முதலில் 'இட்லர்' என்றுதான் எழுதினேன்.
கேவிஸ்டன் திருத்தினான்:
ஹ போடுங்க, அப்பத்தான் கோவம் தெரியும்.

போன பங்குனியில், தடைக்காலத்துக்கு முந்தின கூட்டம்.
தலைவர் நம்புமாரி எழுந்து
மடியின் கண்ணியைப் பெருசாக்குங்க என்றார்.
நாற்பது மில்லிமீட்டர். குஞ்சு குறுமான் தப்பிப் போகட்டும்,
சங்காயம் அள்ளிக் கோழித்தீவனத்துக்கு வித்தது போதும்.
பின்வரிசையிலிருந்து வந்தது பன்னிரண்டாவது:
'நீ என்ன ஹிட்லரா?'
கை தட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்தது.
'இது சங்கமா, வதைமுகாமா?' என்றான் இன்னொருவன்.

வாசலில் நண்டுக் கம்பெனிச் சீட்டோடு டிலக்சி.
பேசாலையில் பிறந்து
மண்டபத்தில் முப்பது வருசமாக ஆஜர் சொல்கிறவள்.
முகாம் என்ற சொல் கேட்டுத் தலை நிமிர்ந்தாள்.
தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும்
மறுபடி சீட்டை எண்ணத் தொடங்கினாள்.

நான் எழுதினேன்:
'தலைவரை நோக்கிக் கடுஞ்சொல் பயன்படுத்தப்பட்டது.'

ஆனியில் ஒரு தாள் வந்தது.
தலைப்பில்லாத வெள்ளைத்தாள், முத்து முத்தான எழுத்து.
யார் படகில் யார் ஆள், எந்தத் தெரு,
எங்கே போய்க் கும்பிடுகிறார்கள்.
முகாம்காரர்கள் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு பெருக்கல் குறி.
மீரான் கனியின் ஐஸ் பேக்டரிக்கும் ஒன்று.
'சும்மா கணக்குக்குத்தான்' என்றான் கொண்டுவந்தவன்.
சிரித்த முகம். எல்லோருக்கும் டீ சொன்னான்.

நாற்காலி பறக்கவில்லை.
மின்விசிறிக்குக் கீழே தாள் படபடத்துக்கொண்டு
மடிக்கு மடி போனது.
விசைப்படகுக்காரர்கள் போட்டார்கள்,
நாட்டுப்படகுக்காரர்கள் போட்டார்கள்,
கேவிஸ்டன் பேனா எழுதவில்லையென்று உதறி உதறிப் போட்டான்.

எனக்கு ஏதோ ஞாபகம் வந்தது.
பத்தாம் வகுப்புப் பாடம், பாதி மறந்தது.
அங்கேயும் அடுப்பு முதலில் வரவில்லை.
பட்டியல் வந்தது.
கடைக் கதவில் ஒரு குறி,
இங்கே வாங்காதே என்று ஒரு அட்டை.
அதையும் யாரோ முத்து முத்தாகத்தான் எழுதியிருப்பார்கள்.
சொல்லிவிட வாய் திறந்தேன்.
நாக்கில் வந்து நின்றதெல்லாம்
ஐஸ் பார் விலையும் பி.டி. வாத்தியாரும்.
'பதிமூணா? எழுதிக்கங்க' என்று சிரிப்பார்கள்.
பொடிக்கண்ணி மடி இழுத்து இழுத்து
நாங்களே அரித்துப்போட்ட கடல்;
வேண்டிய நாளில் வலை நிறையச் சேறு.

தாள் நம்புமாரியிடம் போய்ச் சேர்ந்தது.
கண்ணாடி மாட்டிப் படித்தார், இரண்டு தரம்.
ஜெர்மனி என்று அவர் சொல்லவில்லை,
யார் பெயரையும் இழுக்கவில்லை.
'இந்தக் குறி எதுக்கு?'
'கணக்குக்கு.'
'என்ன கணக்கு?'
பாலத்தில் ரயில் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது.
அது தீரும்வரை காத்திருந்து மறுபடி கேட்டார்,
'என்ன கணக்குப்பா?'

'பொறகு வர்றேன்' என்று எழுந்தான்.
தாளை மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டான்.
அதில் முப்பத்தொரு கையெழுத்து.
முதலாவது என்னுடையது.
குறிப்பெழுதுகிறவன் முதலில் போடுவது வழக்கம்;
டீ அப்போது சூடாக இருந்தது.

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது:
'கூட்டம் அமைதியாக நடந்தது.
கடுஞ்சொல் எதுவும் பயன்படுத்தப்படவில்லை.'