காட்சி விவரம்: மழை

படிவத்தின் ஏழாம் கட்டத்தில்
காட்சி விவரம் கேட்டிருந்தார்கள்.
மழை என்று எழுதினேன்.
கீழே இன்னும் மூன்று கோடு காலியாகக் கிடந்தது.

மாரித் ஹெல்சிங்கியிலிருந்து வந்திருந்தாள்.
மண்ணடி இரும்புக் கடைத் தகரத்தில்,
கோயம்பேட்டுக் கொத்தமல்லிக் கட்டுகளின் மேல்,
துறைமுகத்துக்குப் போகாமல் நிற்கும் கன்டெய்னர் வரிசையில்
எங்கள் மழை எப்படி விழுகிறதென்று
அவளுக்குப் படம்பிடிக்க வேண்டும்.

நான் லைன் புரொடியூசர்.
அதாவது, க்யூவில் நிற்பவன்.
பதினோரு வருடமாக இந்த நகரத்தை
அயலூர்க் கேமராக்களுக்கு நாள் வாடகைக்கு வாங்கித் தருகிறேன்.
சாலைக்கு இவ்வளவு, பாலத்துக்கு இவ்வளவு,
கடலுக்கு மட்டும் யாரிடம் கேட்பதென்று
இன்னும் இரண்டு துறைக்குள் முடிவாகவில்லை.

"எத்தனை ஆர்ட்டிஸ்ட்?"
தமயந்தி மேடம் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார்.
யாரும் இல்லை மேடம்.
"ஃபைட்டு? வெடி? குதிரை?"
மழை மட்டும்தான்.
"டேங்கர் லாரியா?"
இல்லை மேடம். வானத்திலிருந்து.
பேனாவை மூடிவைத்தார்.
"அப்ப தேதி சொல்லுங்க.
தேதி இல்லாம ஃபைல் நகராது."

ஐப்பசியை நம்பிச் சொன்னேன்:
நவம்பர் ஒன்பது, பத்து, பதினொன்று.

அப்புறம் முத்திரைத்தாளில் உறுதிமொழி.
'நகரத்தின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும்
எதையும் படம்பிடிக்க மாட்டோம்.'
உள்ளூர்ப் பொறுப்பாளர்: ச. எபினேசர்,
ஜாபர்கான்பேட்டை.
முகவரி எழுதுகையில் பேனா கொஞ்சம் நின்றது.
எங்கள் வீட்டு ஹாலில்
சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே
இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகாத கோடு ஒன்று,
ஆறு உள்ளே வந்து நின்றுபோன உயரம்.
அதை மாரித்திடம் நான் சொல்லவே இல்லை.
கோடு குந்தகத்தில் சேருமா
என்று கேட்கத் தனிக் கவுன்டரும் கிடையாது.

அனுமதி வந்தது, ஓர் எழுத்து குறைந்து:
செல்வி மாரி, ஃபின்லாந்து.
"மாரின்னா மழைதானே சார்,
பொருத்தமாத்தான இருக்கு?"
தமயந்தி மேடம் முதல்முறையாகச் சிரித்தார்.
ஆனாலும் திருத்தம் திருத்தம்தான்.
ஃபைல் ஒரு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறி,
ஒரு இனிஷியலுக்காக
சனி ஞாயிறு முழுக்க மேசைமேல் படுத்துக்கிடந்து
எட்டாம் தேதி சாயங்காலம் 'த்'துடன் திரும்பியது.

ஒன்பது: வெயில்.
பத்து: வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
பதினொன்று மதியம் வானம் கறுத்தது.
ரோந்து வந்த இன்ஸ்பெக்டர் கடிதத்தை வாசித்தார்,
வானத்தை வாசித்தார்,
"டீ சொல்லட்டுமா?" என்றார்.
ஒரு சொட்டு இல்லை.

பன்னிரண்டு, விடிகாலை மூன்று மணி.
யாரையும் கேட்காமல் ஆரம்பித்தது.

ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.
"எடு" என்றேன், "இந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?"
தேதி முடிந்துவிட்டதே என்றாள்.
கேமராப் பையை மடியில் வைத்து
கைக்குழந்தையைப் போல் துண்டால் போர்த்தினாள்.
வைப்பருக்கு அந்தப் பக்கம்
மூன்று வாரம் நான் மனுப்போட்டுக் கேட்டதெல்லாம்
இலவசமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

காசி தியேட்டர் பாலத்தில் ஜெசிந்தா போன் செய்தாள்.
"ரெண்டாவது படி போயிடுச்சு. எங்க இருக்க?"
ஃபிளைட் தாமதம் என்று அதே நிமிடம் செய்தியும் வந்தது.
வண்டியைத் திருப்பினேன்.

முழங்கால் தண்ணீரில் மாரித் உள்ளே வந்தாள்.
ஹால் சுவர்க் கோட்டைப் பார்த்தாள்.
உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள், அவள் தோளுக்கு மேலே இருந்தது.
பிறகு பையின் ஜிப்பில் விரலை வைத்து
என்னை அல்ல, ஜெசிந்தாவைப் பார்த்து
ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"
படம் பிடிக்கலாமான்னு அனுமதி கேக்குறாங்க.

"முதல்ல ஃபிரிட்ஜோட அந்தப் பக்கத்தைப்
பிடிக்கச் சொல்லு."