கொழுப்பு வீதம்

தம்பலகாமத்துப் பால் சேரும் இடத்தில்
காலை ஐந்தரைக்கு என் வேலை
பாலைப் படிப்பது.

மூக்கு முதலில். பிறகு மானி.
பிறகு சின்னக் குழாயில் அமிலம், சுற்றும் பொறி,
மேலே மிதந்து வரும் மஞ்சள் கோடு.
அந்தக் கோட்டின் உயரம்தான் காசு.

யோகமலரின் கோடு
ஆனியில் நாலு.
ஆவணியில் இரண்டே முக்கால்.

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்.
"கிணறும் கறக்குது போல" என்றது இன்னொரு குரல்.
அவள் கேனை மூடாமல் நின்றாள்.
"தண்ணி கலக்கேல்ல தம்பி.
கலக்கத் தண்ணியும் இல்லை."

உண்மை. மானி சரியாகத்தான் மிதந்தது.
தண்ணீர் இல்லாத பாலில்
வேறு ஏதோ இல்லை.

பின்னேரம் போனேன்.
மேய்ச்சல் தரை கதியால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது,
யார் அடைத்தது என்றால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
குளத்தடிப் புல் காலடியில் நொறுங்கியது.
வெட்டு மெசின் துப்பிய வைக்கல்
வயல் முழுக்க எரிந்து
கறுப்புக் கோடுகளாய்க் கிடந்தது.

தொட்டியில் இருந்ததை ஒளிக்காமல் காட்டினாள்:
சீனன்குடா ஆலையின் கோதுமைத் தவிடு,
சலாகுதீன் முச்சக்கர வண்டியில் கடனுக்கு இறக்கியது;
தேங்காய்ப் புண்ணாக்கு;
பேக்கரியில் மிஞ்சிய மூன்று நாள் பாண்.
"நல்லாத்தானே தின்னுது? பாலும் கூடியிருக்கு.
வயிறு நிரம்பினாப் போதாதோ?"

மாடு நின்றது,
நிறைந்த வயிறு, மூடிய வாய்.
அரை மணி நேரம் பார்த்தேன்.
ஒரு தடவை கூட அசை போடவில்லை.
மா வழுக்கிக்கொண்டு போய்விடும்.
நார்தான் திரும்பி வரும்.

கந்தளாய்ப் பக்கம் எரிக்காத வைக்கல் கிடைக்கும் என்றேன்,
நூறு கிலோவுக்கு நாலு கிலோ யூரியா,
கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை.
"மூண்டு கிழமை" என்று அவள் திருப்பிச் சொன்னதில்
கடன்காரர் எல்லோரும் வந்து நின்றார்கள்.
"தெளிக்கத் தண்ணி?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவளே கத்தியை எடுத்தாள்.
கதியாலில் சீமைக்கிளுவை,
மழை இல்லாமலும் பச்சை.
வெட்டினாள், ஒரு நாள் வாடவிட்டாள்,
மணம் அடங்கியதும் மாட்டுக்கு வைத்தாள்.
எந்த வேலி என்று நான் கேட்கவில்லை.
வேலி பயிரை மேயும் என்பார்கள்.
இங்கே மாடு வேலியை மேய்ந்தது.

புரட்டாதியில் மூன்று புள்ளி மூன்று.
நாலு இல்லை.
பற்றுச்சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போனாள்.

வைக்கல் மூடிய நீலத் தறப்பாளை அவிழ்த்த அன்று
எங்கள் இருவர் கண்ணும் எரிந்தது.
மாடு முகத்தைத் திருப்பியது.
அடுத்த நாள் தின்றது.

படலையில் நின்று எண்ணினேன்.
தாடை பக்கவாட்டில் போய் வந்தது,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
கந்தளாய் பஸ் ஹோர்ன் அடித்துப் போனதில்
எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

மாடு விடவில்லை.